கிரீன் கார்டு நாட்டு உச்சவரம்பு மசோதா: இரண்டு அவையும் ஆதரித்தும் சட்டமாகாமல் போனது எப்படி

2019 ஜூலை 10 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் ஹெச்.ஆர். 1044 என்ற குடிவரவு மசோதா 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. 2020 டிசம்பர் 2 அன்று மேலவையான செனட்டும் அதே பொருளில் தனது வடிவத்தை ஒருவரும் ஆட்சேபிக்காமல் நிறைவேற்றியது. 2021 ஜனவரி 3 நண்பகலில் இரண்டும் காலாவதியாகிவிட்டன. வேலைவாய்ப்பு கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) வரிசையில் நிற்கும் இந்தியர்கள் பல ஆண்டுகள் நாள்தோறும் பின்தொடர்ந்த மசோதா இது. ஆதரவு எண்ணிக்கையை மட்டும் பார்த்துவந்தவர்களுக்கு இந்த முடிவு பிடிபடவே இல்லை. மசோதா எந்த வழியில் போனது, அந்த வழியில் யாருக்கெல்லாம் தடுக்கும் உரிமை இருந்தது என்று பார்த்தால், ஒவ்வொரு முட்டுக்கட்டைக்கும் காரணம் தெரிகிறது.

பிரச்சினையின் கணக்கு

வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குக் குறைந்தது 1,40,000. இந்த எண் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, இன்றுவரை மாறவில்லை. இதில் இ.பி-1 (தனித்திறமையாளர்), இ.பி-2 (உயர்பட்டம் பெற்றோர்), இ.பி-3 (பட்டதாரிகள், திறன் தொழிலாளர்) ஆகிய மூன்று பிரிவுக்கும் தலா 28.6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 40,040. மிச்சம் இ.பி-4, இ.பி-5 பிரிவுகளுக்கு.

இதற்கு மேல் இன்னொரு வரம்பு இருக்கிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நெருக்கடியான பிரிவில் அந்த விகிதத்தைப் பொருத்தினால் இ.பி-2-வில் இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,800 எண்கள் (ஓர் எண் என்றால் ஒருவருக்கான ஒரு கார்டு) கிடைக்கும். கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் அதே கணக்கிலிருந்துதான் எண் போகிறது. ஆகவே 2,800 எண் என்றால் 2,800 பொறியாளர்கள் என்று கொள்ளக் கூடாது. பாதிக்கும் மேல் குடும்பத்தாருக்குப் போய்விடும். மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்ட எண்கள் வரிசையில் மூத்தவர்களுக்கு வழிந்து வரும் என்ற ஏற்பாடு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அந்த வழிதலால்தான் இந்தியர்களுக்குச் சில ஆண்டுகளில் 2,800-க்கு மேல் கிடைக்கிறது. ஆனால் அது எந்த ஆண்டும் உறுதியில்லை.

வரம்பு குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. சென்னையில் பிறந்து கனடாக் குடிமகனானவரும் இந்திய வரிசையில்தான் நிற்பார். சிங்கப்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த துணை இருந்தால் அவருடைய பிறந்த நாட்டுக் கணக்கில் போகலாம்.

நாடாளுமன்ற ஆய்வுச் சேவை 2020 மார்ச்சில் வெளியிட்ட கணக்கின்படி, வேலைவாய்ப்பு வரிசையில் அப்போது ஏறக்குறைய 10 லட்சம் பேர் காத்திருந்தார்கள். இ.பி-2-வில் புதிதாகச் சேரும் இந்தியர் காத்திருக்க வேண்டிய காலம் 195 ஆண்டு. யாரும் அவ்வளவு காலம் காத்திருக்கப் போவதில்லை; அந்த வரிசை நடைமுறையில் மூடிவிட்டது என்பதே அந்த எண்ணின் பொருள்.

ஹெச்.ஆர். 1044 முன்வைத்த தீர்வு எளிமையானது. வேலைவாய்ப்பு வகையில் 7 சதவீத வரம்பை நீக்கு. குடும்ப வகையில் அதை 15 சதவீதமாக்கு. இனி யார் முதலில் விண்ணப்பித்தாரோ அவருக்கு முதலில். மொத்த எண்ணிக்கை 1,40,000 அப்படியே இருக்கும். மசோதாவின் பலமும் பலவீனமும் இந்தக் கடைசி வரியில்தான் இருந்தன. எண்ணிக்கையைக் கூட்டாததால் குடிவரவைக் குறைக்க விரும்பும் குடியரசுக் கட்சியினரும் ஆதரிக்க முடிந்தது. எண்ணிக்கையைக் கூட்டாததாலேயே, இந்தியருக்குக் கிடைக்கும் ஒவ்வோர் எண்ணும் இன்னொரு நாட்டவரிடமிருந்து வர வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் செவிலியர், நைஜீரிய மருத்துவர், ஈரானிய ஆராய்ச்சியாளர் ஆகியோர் அதுவரை ஓரிரு ஆண்டில் கார்டு பெற்றுவந்தார்கள். அவர்களும் பல ஆண்டு வரிசைக்கு வந்திருப்பார்கள். அவர்கள் எழுப்பிய எதிர்ப்பு நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

முன்கதை: 2011 முதல் 2018 வரை

இந்த யோசனை முதலில் வலுவாக வந்தது 2011-இல். யூட்டா மாநில உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் கொண்டுவந்த ஹெச்.ஆர். 3012, அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று கீழவையில் 389-க்கு 15 என்று நிறைவேறியது. செனட்டில் அயோவா மாநிலத்தின் சக் கிராஸ்லி 'ஹோல்டு' (ஆட்சேபத் தடை) வைத்தார். ஹெச்-1பி (தற்காலிகத் திறன் பணியாளர்) விசாவில் முறைகேடுகளைத் தடுக்கும் விதிகளையும் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஏழு மாதத்துக்கும் மேல் பேச்சுவார்த்தை நடந்தபின் 2012 ஜூலையில் ஹோல்டை விலக்கினார். அதற்குள் தேர்தல் காலம் வந்துவிட்டது. மசோதா செனட் தளத்துக்கே வராமல் 2013 ஜனவரியில் முடிந்தது.

2013-இல் அதே விதி எஸ். 744 என்ற பெரிய குடிவரவுச் சீர்திருத்த மசோதாவுக்குள் போனது. அதை ஜூன் 27 அன்று செனட் 68-க்கு 32 என்று நிறைவேற்றியது. கீழவை அதை எடுக்கவே இல்லை. பெரிய வண்டியில் ஏற்றினால் வண்டி நிற்கும்போது சரக்கும் நின்றுவிடும் என்று கண்ட ஆதரவாளர்கள், மறுபடி தனி மசோதா வழிக்குத் திரும்பினார்கள்.

2017-இல் வந்த ஹெச்.ஆர். 392-க்கு 300-க்கும் மேற்பட்ட இணை முன்மொழிவாளர்கள் இருந்தார்கள். அப்படியும் அது தனியாக வாக்கெடுப்புக்கு வரவில்லை. கான்சஸ் உறுப்பினர் கெவின் யோடர் 2018 ஜூலையில் அதை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில், குழு நிலையில், குரல் வாக்கால் சேர்த்தார். நவம்பர் தேர்தலில் யோடர் தோற்றார். இறுதி நிதி மசோதாவில் அந்தப் பிரிவு இல்லை. குழு நிலையில் சேர்ந்த ஒரு பிரிவு இறுதிச் சட்டம்வரை தாக்குப்பிடிக்க, பேச்சுவார்த்தை அறையில் அதற்காக வாதாட ஓர் ஆள் வேண்டும். இங்கே அந்த ஆள் பதவியிழந்துவிட்டார்.

கீழவை, 2019: வேகமான வழி

2019 பிப்ரவரி 7 அன்று இரண்டு அவையிலும் ஒரே நாளில் மசோதா அறிமுகமானது. கீழவையில் கலிபோர்னியாவின் ஸோ லாஃப்கிரென் (ஜனநாயகக் கட்சி), கொலராடோவின் கென் பக் (குடியரசுக் கட்சி). செனட்டில் யூட்டாவின் மைக் லீ (குடியரசுக் கட்சி), கலிபோர்னியாவின் கமலா ஹாரிஸ் (ஜனநாயகக் கட்சி). செனட் எண் எஸ். 386.

கீழவையில் மசோதா 'விதி நிறுத்தம்' என்ற வழியில் போனது. அந்த வழியில் 40 நிமிட விவாதம் மட்டுமே. திருத்தம் கொண்டுவர முடியாது. நிறைவேற, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 430 பேர் வாக்களித்ததால் 287 போதும், கிடைத்தது 365. நீதித்துறைக் குழுவில் சாட்சிகளை அழைத்து, வரிவரியாகத் திருத்தி அனுப்பும் கட்டம் நடக்கவில்லை.

அந்தக் கட்டத்தைத் தவிர்த்ததற்கான விலை பின்னால் தெரிந்தது. குழுவில் நடந்திருக்க வேண்டிய சண்டைகள் எல்லாம் செனட்டுக்கு நகர்ந்தன: செவிலியருக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமா, பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறும் மாற்றக்காலம் எத்தனை ஆண்டு, ஏற்கெனவே வரிசையில் இருக்கும் மற்ற நாட்டவருக்கு என்ன பாதுகாப்பு? கீழவை வடிவத்தில் மாற்றக்காலம் மூன்றே ஆண்டு. அதில் முதல் ஆண்டு 15 சதவீதமும் அடுத்த இரண்டு ஆண்டும் தலா 10 சதவீதமும், அதிகம் பெறும் இரண்டு நாடுகள் தவிர்த்த மற்ற நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஏற்கெனவே மனு ஒப்புதலானவர்கள் யாரும் பழைய சட்டத்தின்கீழ் காத்திருந்திருக்கக்கூடிய காலத்தைவிட அதிகமாகக் காத்திருக்கக் கூடாது என்ற பாதுகாப்பு வரியும் இருந்தது. புதிதாக வரப்போகும் மற்ற நாட்டவருக்கு அது உதவாது. எதிர்ப்பு அங்கிருந்துதான் கிளம்பியது.

செனட்: நூறு பேருக்கும் தடுக்கும் உரிமை

செனட்டில் ஒரு மசோதா நிறைவேற இரண்டு வழி உண்டு.

முதல் வழி முறையான வழி. மசோதாவை எடுத்துக்கொள்ளவே ஒரு தீர்மானம் வேண்டும். யாராவது எதிர்த்தால் விவாதத்தை முடிக்க 'குளோச்சர்' மனு போட வேண்டும். மனுவில் 16 உறுப்பினர் கையெழுத்திட வேண்டும். இடையில் ஓர் அமர்வு நாள் கழிய வேண்டும். பிறகு 60 வாக்கு வேண்டும். அது கிடைத்தாலும் 30 மணி நேரம்வரை விவாதம் ஓடலாம். மசோதாவை எடுப்பதற்கு ஒரு தடவை, மசோதாவை முடிப்பதற்கு இன்னொரு தடவை என்று இரண்டு சுற்றும் போனால் ஒரு வாரமோ அதற்கு மேலோ தள நேரம் செலவாகும். எந்த மசோதாவுக்கு அந்த நேரத்தைக் கொடுப்பது என்பதைப் பெரும்பான்மைத் தலைவர் தீர்மானிக்கிறார். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் மிட்ச் மெக்கானல். அவருடைய முன்னுரிமை நீதிபதி நியமனங்களுக்கு. எஸ். 386-க்கு அவர் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

இரண்டாவது வழி 'ஒருமனதான ஒப்புதல்'. கட்சித் தலைமை அலுவலகம் எல்லா உறுப்பினர் அலுவலகங்களுக்கும் தகவல் அனுப்பும்: இந்த மசோதாவை விவாதமின்றி நிறைவேற்றலாமா, ஆட்சேபம் உண்டா? இதற்கு 'ஹாட்லைன்' என்று பெயர். ஆட்சேபம் உள்ளவர் தன் தலைமையிடம் சொல்லிவிடுவார், அதுதான் ஹோல்டு. ஹோல்டு வைத்தவர் பெயரை இரண்டு அமர்வு நாளுக்குள் வெளிப்படுத்த வேண்டும் என்று 2011-இல் செனட் தீர்மானம் போட்டது. ஆனாலும் நடைமுறையில் பல பெயர்கள் வெளியே வருவதில்லை. மசோதாவின் ஆதரவாளர் தளத்தில் எழுந்து ஒருமனதான ஒப்புதல் கேட்கலாம். யாராவது ஒருவர் எழுந்து "ஆட்சேபிக்கிறேன்" என்று சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மைக் லீ இந்த இரண்டாவது வழியில்தான் போனார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

2019 ஜூன் இறுதியில், அதாவது கீழவை வாக்கெடுப்புக்கு முன்பே, லீ முதல் முயற்சி செய்தார். கென்டக்கியின் ரேண்ட் பால் ஆட்சேபித்தார். அவருடைய மாநில மருத்துவமனைகள் வெளிநாட்டுச் செவிலியர்களை நம்பியிருந்தன. வரம்பு நீங்கினால் இ.பி-3-இல் செவிலியர் வருகை பல ஆண்டு நின்றுபோகும் என்பது அவர் வாதம். அதே நேரத்தில் கிராஸ்லியின் பழைய கோரிக்கைகளையும் லீ ஏற்றுக்கொண்டிருந்தார். ஹெச்-1பி வேலைகளை முன்கூட்டியே தொழிலாளர் துறை இணையதளத்தில் அறிவிக்க வேண்டும். பின்னர் இன்னொரு விதியும் சேர்ந்தது: 50-க்கு மேல் பணியாளர் உள்ள நிறுவனத்தில் பாதிக்கு மேல் ஹெச்-1பி, எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்றம்) விசாவினர் இருந்தால் மேலும் ஹெச்-1பி ஆட்களை எடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி நேராகக் குறிவைத்தது இந்திய ஐ.டி. சேவை நிறுவனங்களை. வரிசையில் நிற்கும் இந்தியருக்கு உதவும் மசோதா, அவர்களில் பலருக்கு வேலை கொடுத்த நிறுவனங்களுக்கு எதிரான மசோதாவாகவும் ஆகிக்கொண்டிருந்தது.

செவிலியர் ஒதுக்கீட்டைச் சேர்த்து ரேண்ட் பாலின் ஆட்சேபத்தைத் தீர்த்த பின், செப்டம்பரில் ஜார்ஜியாவின் டேவிட் பெர்டூ தடுத்தார். அதைச் சரிசெய்த பின் அக்டோபரில் இலினாயின் டிக் டர்பின் தடுத்தார். டர்பின் குடிவரவுக்கு ஆதரவானவர் என்பதால் இது பலருக்கு அதிர்ச்சி. ஆனால் அவர் வாதம் தெளிவாக இருந்தது: எண்ணிக்கையைக் கூட்டாமல் வரிசையை மாற்றி அடுக்குவதில் பயனில்லை. வெர்மான்டின் பேட்ரிக் லேஹியுடன் சேர்ந்து அவர் 'ரிலீஃப்' என்ற மாற்று மசோதாவைக் கொண்டுவந்தார். அது வரிசையில் இருப்போருக்கு ஐந்து ஆண்டுக்குள் கார்டு தரும். மனைவி, கணவன், குழந்தைகளை எண்ணிக்கைக் கணக்கிலிருந்து விலக்கும். கணக்கைப் பார்த்தால் இதுவே முழுமையான தீர்வு. ஆனால் அதற்கு ஒருமனதான ஒப்புதல் கேட்டால் குடியரசுக் கட்சிப் பக்கத்திலிருந்து ஆட்சேபம் வருவது நிச்சயம். முழுத் தீர்வுக்கு வாக்கு இல்லை; வாக்கு இருந்த தீர்வு பாதித் தீர்வு. இரண்டு ஆண்டுகளும் இந்த இடத்திலேயே சுற்றின.

2019 டிசம்பரில் லீயும் டர்பினும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாற்றக்காலம் நீண்டது, செவிலியருக்கும் வெளிநாட்டிலிருந்து நேராக வருவோருக்கும் ஒதுக்கீடு சேர்ந்தது, மனு ஒப்புதலானவர், தன் முறை வரும் முன்பே ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டு, வேலை மாறும் உரிமையையும் குழந்தையின் வயதுப் பாதுகாப்பையும் பெற வழி கிடைத்தது. நம் பார்வையில் இந்த முன்கூட்டிய விண்ணப்ப விதிதான் மசோதாவின் மிக மதிப்பான பகுதி. கார்டு எப்போது வந்தாலும், நிறுவனத்தோடு கட்டிப்போட்ட நிலையிலிருந்து அது மனிதரை விடுவித்திருக்கும். இவ்வளவு பேசப்பட்ட மசோதாவில் இந்தப் பகுதி மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஒப்புதல் கிடைத்தும் குடியரசுக் கட்சிப் பக்கம் கிடைக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரியை அதிபர் மீதான பதவிநீக்க விசாரணை விழுங்கியது. மார்ச்சில் கோவிட் வந்தது. ஆகஸ்டில் மறுபடி முயன்றபோது புளோரிடாவின் ரிக் ஸ்காட் தடுத்தார்.

ஒவ்வோர் ஆட்சேபமும் ஒரு விலையோடு வந்தது. லீ ஒவ்வொரு விலையையும் கொடுத்தார். 2020 டிசம்பர் 2 அன்று நிறைவேறிய வடிவத்தில், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியோடும் சீன ராணுவத்தோடும் தொடர்புள்ளோருக்குக் கார்டு மறுக்கும் விதி இருந்தது. மாற்றக்காலம் மூன்றிலிருந்து ஒன்பது ஆண்டாகியிருந்தது. ஹெச்-1பி நிலையில் உள்ளோருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பங்கு என்பதற்கும் உச்சவரம்பு வந்திருந்தது. நூறு பேரும் ஏற்கும் வடிவத்தை எட்டிய நேரத்தில், அது கீழவையின் 365 பேர் ஏற்ற வடிவமாக இல்லை.

கடைசி ஒரு மாதம்

சட்டமாக வேண்டுமானால் இரண்டு அவையும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். டிசம்பர் 2-க்குப் பிறகு மூன்று வழிகள் இருந்தன. கீழவை செனட் வடிவத்தை அப்படியே ஏற்கலாம். திருத்தி அனுப்பலாம், அனுப்பினால் செனட்டில் மறுபடி நூறு பேரின் ஒப்புதல் தேவை. அல்லது ஆண்டிறுதியின் பெரிய நிதி மசோதாவில் சேர்க்கலாம்.

முதல் வழியில் சீனா தொடர்பான விதியும் ஹெச்-1பி உச்சவரம்பும் குறுக்கே நின்றன. இரண்டாவது வழிக்கு நாட்கள் போதாது. மூன்றாவது வழியில்தான் டிசம்பர் முழுக்க நம்பிக்கை இருந்தது. டிசம்பர் 27 அன்று கையெழுத்தான நிதி மற்றும் கோவிட் நிவாரணச் சட்டத்தில் இந்தப் பிரிவு இல்லை. ஏழு நாள் கழித்து 116-ஆவது காங்கிரஸ் (2019-21 நாடாளுமன்றம்) முடிந்தது. செனட் வடிவத்தின் இணை முன்மொழிவாளரான கமலா ஹாரிஸ் அப்போது துணை அதிபராகத் தேர்வாகியிருந்தார். அதனாலும் எதுவும் நகரவில்லை.

அமெரிக்க முறையில் ஒரு காங்கிரஸின் காலம் இரண்டு ஆண்டு. முடிந்ததும் நிலுவையிலுள்ள எல்லா மசோதாவும் ஒழிந்துபோகும்: எண், இணை முன்மொழிவாளர் பட்டியல், குழு அறிக்கை, ஓர் அவையின் ஒப்புதல் எல்லாம். இந்தியாவில் மாநிலங்களவையில் அறிமுகமாகி மக்களவைக்குப் போகாத மசோதா, மக்களவை கலைந்தாலும் உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் அந்தச் சலுகை இல்லை.

அடுத்த காங்கிரஸில் லாஃப்கிரெனும் யூட்டாவின் ஜான் கர்ட்டிஸும் 'ஈகிள்' என்ற பெயரில் ஹெச்.ஆர். 3648-ஐக் கொண்டுவந்தார்கள். இம்முறை குழுக் கட்டத்தைத் தவிர்க்கவில்லை. 2022 ஏப்ரலில் நீதித்துறைக் குழு அதை முறையாக ஏற்றது. ஆனால் டிசம்பர்வரை தளத்துக்கு வரவில்லை. வெள்ளை மாளிகை ஆதரவு அறிக்கை வெளியிட்டும், வாக்குக் கணக்கு தேறாததால் நடு டிசம்பரில் வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. 2019-இல் 365 வாக்கு வாங்கிய யோசனைக்கு 2022-இல் சாதாரணப் பெரும்பான்மைகூட உறுதியாகவில்லை. இடையில் எதிர்ப்பாளர்கள் நன்றாக ஒருங்கிணைந்திருந்தார்கள். தங்கள் சமூகத்தினர் பின்தள்ளப்படுவார்கள் என்று கறுப்பின, லத்தீன் வம்சாவளி உறுப்பினர்களிடையே தயக்கம் வலுத்திருந்தது. தாமதம் நடுநிலையானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது ஒவ்வொரு மாதமும் எதிர்ப்புக்கு ஆள் சேர்த்தது.

அதே காலத்தில் வரிசை எதனால் நகர்ந்தது

எல்லோரும் மசோதாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரிசை வேறொரு காரணத்தால் நகர்ந்தது. கோவிட் காலத்தில் தூதரகங்கள் மூடியதால் குடும்ப வகை விசாக்கள் பயன்படவில்லை. பழைய சட்டப்படியே அந்த எண்கள் அடுத்த நிதியாண்டின் வேலைவாய்ப்பு வகைக்கு வந்து சேர்ந்தன. 2021 நிதியாண்டில் வேலைவாய்ப்பு வகைக்கு 2,62,288 எண்கள், 2022-இல் 2,81,507. வழக்கத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. 2020 அக்டோபர் விசா புல்லட்டினில் (யார் முறை வந்தது என்று வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் அறிவிப்பு) இந்திய இ.பி-3-இன் விண்ணப்பத் தேதி 2015 ஜனவரி 1-க்குத் தாவியது. இ.பி-2-வில் காத்திருந்த பலர் இ.பி-3-இல் புதிய மனுப் போட்டு, பழைய பிரயாரிட்டி தேதியோடு (வரிசையில் இடம் பிடித்த தேதி) ஐ-485-ஐ உள்ளே செலுத்திவிட்டார்கள். ஆனாலும் 2021-இன் எண்களில் 66,000-க்கு மேல் நிர்வாகத்தால் செலவழிக்க முடியாமல் வீணாயின. அந்த ஆண்டோடு அவை போயின.

ஓர் ஆண்டு நிர்வாகம் வேகமாக வேலை செய்தாலோ மெதுவாகச் செய்தாலோ ஏற்படும் வேறுபாடு, நிறைவேறாத மசோதாக்களைவிடப் பெரிதாக இருந்தது. மாதாமாதம் விசா புல்லட்டினைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. மசோதாச் செய்தியை மட்டும் படித்தவர்களில் பலர் 2020 அக்டோபர் வாய்ப்பைத் தவறவிட்டார்கள்.

அடுத்த மசோதா வரும்போது எதைப் பார்ப்பது

2023 இறுதியிலும் இதே நோக்கில் ஹெச்.ஆர். 6542 வந்தது, அறிமுகத்தைத் தாண்டவில்லை. இனியும் வரும். வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தக் காங்கிரஸின் எந்த மாதத்தில் வந்திருக்கிறது என்பது. இரண்டாம் ஆண்டின் கோடைக்குப் பின் அறிமுகமாகும் குடிவரவு மசோதா பெரும்பாலும் அடையாளத்துக்கானது. அடுத்து, நாடாளுமன்ற இணையதளத்தில் மசோதாவின் 'நடவடிக்கைகள்' பகுதியைப் பார்க்க வேண்டும். "குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்ற வரிக்குப் பின் எதுவும் இல்லாவிட்டால் எத்தனை இணை முன்மொழிவாளர்கள் சேர்ந்தாலும் அது நகரவில்லை என்று பொருள். திருத்த அமர்வு நடந்து, குழு அறிக்கை வந்து, தள அட்டவணையில் ஏறினால்தான் நகர்வு. மூன்றாவது, செனட்டில் அது எந்த வழியில் போகிறது. ஒருமனதான ஒப்புதல் வழி என்றால் 60 பேர் ஆதரவு என்ற செய்திக்கு மதிப்பில்லை; ஆட்சேபிக்கும் ஒருவர் யார், அவர் கேட்பது என்ன என்பதே செய்தி. நான்காவது, வாசகம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் நடைமுறைக்கு வரும் ஆண்டையும் மாற்றக்கால ஒதுக்கீட்டையும் மறுபடி படிக்க வேண்டும். எஸ். 386-இல் ஜூன் 2019 வாசகத்தை வைத்துக் கணக்குப் போட்டவருக்கு, டிசம்பர் 2020 வாசகத்தில் தன் முறை பல ஆண்டு தள்ளிப்போயிருந்தது.

மசோதா நிலுவையில் இருக்கும்போது அதை நம்பி எந்த முடிவையும் ஒத்திப்போடக் கூடாது. இப்போதுள்ள சட்டத்தில் கையில் இருப்பதைக் காப்பாற்றுவதே முக்கியம். ஐ-140 (பணியாளருக்காக நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனு) ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய நிறுவனம் பின்னர் அதைத் திரும்பப் பெற்றாலும் பிரயாரிட்டி தேதி போகாது; ஹெச்-1பி-யை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டிக்கும் உரிமையும் நிற்கும். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது. ஆகவே வேலை மாறும் தேதியை அந்த 180-ஆவது நாளை வைத்து முடிவு செய்வது நல்லது. ஐ-140 ஒப்புதல் கடிதத்தின் பிரதியை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் தாமாகத் தருவதில்லை.

குழந்தையின் வயது இன்னும் நெருக்கமான விஷயம். 2002-ஆம் ஆண்டுக் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி, விசா எண் கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்து 21-க்குள் வந்தால் குழந்தை தப்பும். கட்டணம் கட்டி வேகப்படுத்திய ஐ-140 சில நாட்களில் ஒப்புதலாகிவிடும். அப்போது கழிக்க நாட்களே இருக்காது. 21-ஐ நெருங்கும் குழந்தை உள்ளவர்கள் வேகக் கட்டணம் கட்டும் முன் இந்தக் கணக்கை வழக்கறிஞரிடம் போட்டுப் பார்க்க வேண்டும். 'எண் கிடைக்கும் நாள்' எது என்பதிலும் விதி மாறிவந்திருக்கிறது: 2023 பிப்ரவரி முதல் விசா புல்லட்டினின் விண்ணப்பத் தேதி அட்டவணையை ஏற்றார்கள், 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு மறுபடி, கார்டு உண்மையில் வழங்கக்கூடிய முறையைக் காட்டும் இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணைதான். இந்த இரண்டு மாற்றத்துக்கும் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை. குடிவரவுத் துறை தன் கொள்கைக் கையேட்டைத் திருத்தியதோடு அவை நடைமுறைக்கு வந்தன.